ஐந்தாவது மாத்திரை

டார்லீன் ரௌடியோவிடம் போன விஷயம் கிணற்றில் போட்ட கல். ஆல்டர் பே ஊரில் இதை ஒப்புக்கொள்ளாத ஆளே கிடையாது. முப்பத்தொரு வருஷம் அவள் இரண்டாம் தடத்தில் தபால் போட்டவள். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கிற ஜீப், நாளொன்றுக்கு எழுபத்தெட்டு மைல், சாலையோரம் நட்ட நானூற்றுச் சொச்சம் பெட்டிகள். யாருக்கு வக்கீல் நோட்டீஸ், யார் வீட்டுக்கு ஜெயிலிலிருந்து கடிதம், எந்த விதவைக்கு விஸ்கான்சினிலிருந்து வாரம் ஒரு வாழ்த்து அட்டை, எல்லாம் அவள் கைவழியே போனவைதான். ஒன்றுகூட அவள் வாய்வழியே போனதில்லை.

கட்டிய புருஷன் ரே, சாப்பாட்டு மேஜையில் ஆசையாகக் கேட்பான்: "இன்னைக்கு ஊர்ல என்ன சேதி?"

"பனி பெய்யுதாம்."

சுவரோடு குடித்தனம் நடத்த முடியாது என்று சொல்லி அவன் கிரீன் பே பக்கம் போய்விட்டான். அங்கிருந்து அவன் அனுப்பிய விவாகரத்துக் காகிதத்தையும் டார்லீன்தான் வரிசைப்படி எடுத்துக்கொண்டு போனாள். தன் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, பெட்டியில் போட்டு மூடி, மிச்சத் தடத்தை முடித்துவிட்டு வந்து, மாலையில் எடுத்துப் படித்தாள். வேலை நேரத்தில் தன் கடிதத்தைத் தானே பிரிப்பது விதிக்குப் புறம்பாம். இப்படி ஒரு பிறவி.

அறுபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றாள். ஒரு குளிர்காலம் படத்துண்டுகளைப் பொருத்தும் புதிரோடு உட்கார்ந்து பார்த்தாள், கை சும்மா இருக்கவில்லை. அப்போது கவுண்டி நிர்வாகத்தின் முதியோர் அலுவலகம் ஆள் கேட்டது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் மெடிகேர் என்கிற அரசாங்கக் காப்பீட்டில் மாத்திரைக்கென்று தனியாக ஒரு திட்டம் எடுக்க வேண்டும். இருபது கம்பெனித் திட்டங்களில் எது தோதானது என்று அவர்கள் கூட உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். சம்பளம் இல்லை, காபி உண்டு. டார்லீன் போய்ச் சேர்ந்தாள். ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தக் கம்பெனிகள் அனுப்பும் தடித்தடி உறைகளைச் சுமந்து அவளுக்குத் தோள்பட்டையே இறங்கியிருந்தது. பாதி வீடுகளில் அதைப் பிரிக்காமலேயே குப்பை எரிக்கும் பீப்பாயில் போட்டார்கள்.

"வருஷக்கணக்கா சுமந்தாச்சு. உள்ள என்னதான் எழுதியிருக்குன்னு பார்த்துடலாம்னு வந்தேன்" என்றாள் பயிற்சியில். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

திட்டம் மாற்ற அக்டோபர் பதினைந்திலிருந்து டிசம்பர் ஏழு வரை நேரம் உண்டு. ஏறக்குறைய எட்டு வாரம். ஆனால் இந்த ஊரில் நவம்பர் பதினைந்துக்கு மான் வேட்டை சீசன் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் யாரைக் கூப்பிட்டாலும் "காம்ப் முடியட்டும்" என்பார்கள். சீசனில் ஆண்கள் எல்லாரும் காட்டுக்குள் கிடக்கும் காம்ப் குடில்களில் இருப்பார்கள். ஆக, டிசம்பர் முதல் வாரத்தில்தான் டார்லீன் உட்கார்ந்திருக்கும் நூலகப் பின்னறையில் வேட்டைக்கார ஆரஞ்சுத் தொப்பிகள் வரிசை கட்டும். குண்டியில் நெருப்புப் பட்டால்தான் எழுந்திருப்பது என்று இவர்களுக்குப் பிறப்பிலேயே எழுதியிருக்கிறது.

இந்த வருஷம் கூட்டம் இன்னும் கூடுதல். கவுண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கும் வீட்டுக்காரிகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவந்த மாத்திரைக் காப்பீட்டு அட்டையை டிசம்பரோடு நிறுத்துகிறார்கள். அந்த வகையில்தான் நாலாம் தேதி பத்து மணிக்கு வெஸ் ஹில்டுனனும் அவர் மனைவி பெவர்லியும் வந்தார்கள். வெஸ் முப்பத்தாறு வருஷம் கவுண்டிச் சாலைகளில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டியவர். இப்போது எழுபத்துநாலு. ஆறடி உயரம், பேச்சு ஆறு வார்த்தை. மிச்ச வார்த்தைகள் பெவர்லியிடம் இருந்தன.

"மிஸஸ் ரௌடியோ, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே திட்டம், ஒரே கார்டு. சட்டுனு முடிச்சிடுங்க. மாவு பொங்கிக்கிட்டிருக்கு, நான் போய் ரொட்டி சுடணும்."

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும். ஊரில் எல்லாருக்கும் இவள் டார்லீன். பெவர்லிக்கு மட்டும் பல வருஷமாக மிஸஸ் ரௌடியோ. காரணம் டார்லீனுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

"ஒரே கார்டு கிடையாது, பெவர்லி. இது கவுண்டி கார்டு மாதிரி இல்ல. அவங்கவங்க மாத்திரைக்கு அவங்கவங்க திட்டம்."

"அம்பது வருஷமா ஒரே மெத்தையில படுக்கிறோம். மாத்திரைக்கு மட்டும் தனிக்குடித்தனமா?"

"மெத்தையைப் பத்தி அரசாங்கம் கேக்கல. மாத்திரைப் பட்டியல் இருக்கா?"

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெவர்லி அழகாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு மூன்று. வெஸ்ஸுக்கு நாலு: ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சர்க்கரை, நெஞ்செரிச்சல். எல்லாம் ஊர் மருந்துக் கடையில் வாங்குவது.

"எழுபத்துநாலு வயசுக்கு நாலே மாத்திரை. குதிரை மாதிரி இருக்காரு" என்றாள் பெவர்லி.

டார்லீன் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினாள். நாலாவது ஏறியதும் அவள் விரல் நின்றது.

இரண்டாம் தடத்தின் கடைசியில், ஓடைக்கு அப்பால், ஹில்டுனன் குடும்பத்தின் காம்ப் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு வாரம் ஆள் நடமாடும் இடம். அந்தக் காம்ப்புக்கு வெஸ் ஒரு தபால் பெட்டி நட்டிருந்தார். காம்ப்புக்குத் தபால் பெட்டி வைக்கிற ஆளை டார்லீன் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டிக்கு, மாத்திரைகளைத் தபாலில் அனுப்பும் ஒரு மருந்துக் கடையிலிருந்து சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்று வரும். வருகிற நாளில் வெஸ் தன் வண்டியோடு அங்கே நிற்பார். வாங்கிக்கொண்டு தலையை ஆட்டுவார். ஒன்பது வருஷம் அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவள் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெட்டி அங்கேயேதான் இருக்கிறது.

ஆக, ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது பட்டியலில் இல்லை.

என்ன செய்வது? தபாலில் பார்த்ததைச் சொல்லக் கூடாது. ஆலோசகராக உட்கார்ந்தால், வந்தவர் சொன்ன மருந்தைத்தான் ஏற்ற வேண்டும். இரண்டு சத்தியமும் ஒரே பக்கம் நின்று அவள் வாயைக் கட்டின. ஆனால் விட்டுவிட்டால்? திட்டத்தில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் வருஷம் முழுக்க மாற்ற முடியாது. அது என்ன மருந்தோ, இல்லாமல் ஒரு வருஷம் இந்த மனுஷன் என்ன ஆவார்?

"தபால்ல ஏதாவது மருந்து வருதா? எல்லாரையும் கேக்குற கேள்விதான்" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே.

"எங்களுக்குத் தபால்ல வர்றதெல்லாம் பில்லும் துப்பாக்கிக் கடை விளம்பரமும்தான்" என்றாள் பெவர்லி.

வெஸ் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

திரையில் முதல் இடத்தில் வந்த திட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றே. மாதச் சந்தா கிடையாது. ஊர் மருந்துக் கடையும் சேர்த்தி. பெவர்லிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சொன்னேனா இல்லையா? அமுக்குங்க."

டார்லீன் அமுக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் சொல்லாத பொய்யை அன்றைக்குச் சொன்னாள்.

"சேர்க்கிறதுக்கு முன்னால ஒவ்வொருத்தர் கிட்டயும் தனியா நாலு கேள்வி கேக்கணும். சட்டம். முதல்ல வெஸ். நீ முன்னால போய் காபி குடி, பெவர்லி. நிசு ரொட்டி வச்சிருக்காங்க."

"யார் சுட்டது?"

"கடையில வாங்கினது."

"அதைத் தின்னவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஏலக்காய் ரொட்டியைக் கடையில் வாங்குபவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

கதவு மூடியது. வெஸ் முன்னால் சாய்ந்தார்.

"நல்ல வேளை. அதையும் சேர்த்துத் தட்டிடு, டார்லீன்."

"எதை?"

"அதான். உனக்குத் தெரியுமே."

"எனக்கு என்ன தெரியும்?"

"நீதானே கொண்டுவந்து கொடுத்த, வருஷக்கணக்கா."

"பொட்டலம் கொடுத்தேன். உள்ள மூட்டு வலிக்கா மூலத்துக்கா, யாருக்குத் தெரியும்?"

வெஸ் அவளையே பார்த்தார். "நிஜமா தெரியாதா?"

"வெஸ், ஒட்டின பொட்டலத்தை நான் மோந்து பார்ப்பேனா?"

"அப்போ சர்ச்சுல என்னைப் பார்த்தா ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்குவ? கடையில பார்த்தா ஏன் வேற வரிசைக்குப் போவ?"

"நீதான் திரும்பிக்கிட்ட. சரி, மனுஷனுக்கு என்னைப் பிடிக்கல போலன்னு நானும் திரும்பிக்கிட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது, வரவில்லை. ஊரில் ஒரே ஒருத்திக்குத் தெரியும், அவள் சொல்ல மாட்டாள் என்று இத்தனை வருஷம் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில் ஒரு கூச்சமும் இருந்தது, ஒரு ஆறுதலும் இருந்தது. இப்போது பார்த்தால் ஒருவருக்குமே தெரியாது. தானாக ஏறிவிடும் என்று நினைத்ததை, முதல்முதலாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"மனசுக்கு" என்றார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மருந்தின் பெயரும் அளவும் இருந்தன. "அந்த விபத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சது. பதினோரு வருஷம்."

அந்த விபத்து ஊருக்கே தெரியும். ஜனவரி, கண்ணை மறைக்கும் பனிக்காற்று, விளக்கு அணைந்து சாலை நடுவில் நின்றுபோன ஒரு சின்னக் கார். வெஸ்ஸின் லாரி அதன் மேல் ஏறியபிறகுதான் அங்கே கார் இருந்தது அவருக்குத் தெரிந்தது. செத்தவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ், இருபத்தாறு வயது. யார்மேலும் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் ஷிஃப்டுக்கு வெஸ் லாரி எடுத்தார். "மறுநாளே எடுத்தாரு, அதான் என் புருஷன்" என்று பெவர்லி சொல்லாத இடம் கிடையாது. மற்றவர்கள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஊர் காட்டத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

"வசந்தத்துல கை நடுங்க ஆரம்பிச்சது. தூக்கம் இல்ல. வெளியூர்ல ஒரு டாக்டரைப் பார்த்தேன். மலிவு மாத்திரை ரெண்டு கொடுத்தாரு, உடம்பு ஏத்துக்கல. இதுதான் கேட்டது."

"பெவர்லிக்கு?"

"மாத்திரை தின்ன அவ அண்ணனைப் பத்தி அவ பேசுறதை நீ கேட்டதில்லையா? மனசுக்கு மாத்திரை தின்னா மனுஷன் மரக்கட்டைன்னுவா. அவளுக்கு நான் மறுநாளே லாரி எடுத்தவன், டார்லீன். அப்படியே இருந்துட்டுப் போறேன்."

டார்லீன் ஐந்தாவதை ஏற்றினாள். வரிசை குப்புறக் கவிழ்ந்தது. முதலில் நின்ற இலவசத் திட்டம் கீழே போய்விட்டது. அதில் இந்த மருந்து விலை கூடிய மேல் அடுக்கில் இருந்தது. பாதி விலை வாங்குபவர் தலையில், மாதம் இருநூறு டாலருக்கு மேல். இன்னொரு திட்டம் முன்னால் வந்தது. சந்தா மாதம் நாற்பத்தொன்று, ஆனால் மருந்து நாற்பத்தேழுக்குக் கிடைக்கும். இரண்டு பேர் தாளையும் அச்சடித்தாள்.

"உனக்கு இது. பெவர்லிக்கு அது. ஆனா அவ தாள்ல சைபர் இருக்கும், உன் தாள்ல நாற்பத்தொண்ணு இருக்கும். ஏன்னு கேப்பா."

"ஏதோ கம்ப்யூட்டர் கணக்குன்னு சொல்லிடேன்."

"மாட்டேன். அவளை வெளிய அனுப்ப ஒரு பொய் சொன்னேன், அதுவே தொண்டையில நிக்குது. கேட்டா வாயைத் திறக்க மாட்டேன், அது என்னால முடியும். பொய் மட்டும் முடியாது."

வெஸ் காகிதத்தைத் திரும்ப மடித்தார். "அப்போ எனக்கும் அந்த இலவசத்தையே போடு. மாத்திரையை விட்டுடறேன்."

"விட்டா என்ன ஆகும்?"

"ஒரு தடவை விட்டுப் பார்த்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால, மார்ச்சுல. காம்ப்புல போய் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். விறகு வெட்டுறேன்னு அவ நினைச்சா." கொஞ்சம் நிறுத்தினார். "பதினோராம் நாள் துப்பாக்கியை எடுத்துட்டுப் போய் தம்பி வீட்ல வச்சிட்டேன். இன்னும் அங்கதான் இருக்கு. நான் காம்ப்புல வெறும் சமையல்காரன், உனக்குத்தான் தெரியுமே."

டார்லீன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். துப்பாக்கி இல்லாமல் காம்ப்புக்குப் போகும் வெஸ் மானுக்குக் காவல் இருக்கப் போகிறார் என்று ஊரே கேலி பேசும். அவளும் சிரித்திருக்கிறாள்.

"இலவசத்தைப் போட மாட்டேன், வெஸ். வேணும்னா நீ எழுந்து வேற ஆள்கிட்ட போ. இது நான் கொண்டுவந்து கொடுத்த மருந்து. அதை நிறுத்துற பட்டனை என் கையால அமுக்க மாட்டேன்."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது.

"முடிஞ்சுதா? அந்த ரொட்டி வெறும் பஞ்சு" என்றபடி பெவர்லி வந்து உட்கார்ந்தாள். அச்சடித்து வைத்திருந்த தாள்கள் மேஜையில் கிடந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்தாள். "இது என்ன, இவருக்கு மட்டும் நாற்பத்தொரு டாலர்?"

டார்லீன் திரையைப் பார்த்தாள்.

"மிஸஸ் ரௌடியோ, உங்களைத்தான் கேக்கிறேன். நான் நாலு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். இங்க அஞ்சு இருக்கு."

"அது அவர் தாள், பெவர்லி. அவரைக் கேளு."

வெஸ் தொப்பியை மேஜைமேல் வைத்தார். "என்னுதுதான். மனசுக்கு. விபத்து நடந்த வருஷத்திலேர்ந்து."

பெவர்லி தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே யாரோ பூட்ஸிலிருந்து பனியை உதறும் சத்தம் கேட்டது.

"நம்ம வீட்டுக்கு எதுவும் வரலையே."

"காம்ப்புக்கு வரும்."

"அந்தப் பெட்டிக்கா?"

"ம்."

"அது மாத்திரையா?" அவள் குரல் கீச்சிட்டது. "அந்தப் பெட்டியில வந்தது மாத்திரையா?"

"பெட்டி இருக்கிறது உனக்குத் தெரியுமா?"

"முதல் வருஷமே தெரியும். ஒரு நாள் உனக்குச் சூடா கறி பாஸ்டி கொண்டுவந்தேன். இவ ஜீப் திரும்புது. நீ ஏதோ ஒண்ணை வாங்கிச் சட்டைக்குள்ள செருகுற. நான் வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன், அந்த பாஸ்டியை நாய்க்குப் போட்டேன்." மூச்சு வாங்கினாள். "எவளோ ஒருத்தின்னு நினைச்சேன், வெஸ். எவளோ உனக்கு எழுதுறான்னு. பதினோரு வருஷம்."

வெஸ் அவள் பக்கம் நாற்காலியை நகர்த்தினார்.

பெவர்லி டார்லீன் பக்கம் திரும்பினாள். "அவ காகிதத்தைச் சுமந்துட்டு வர்றவன்னு உன்னை எவ்வளவு சபிச்சிருக்கேன் தெரியுமா, டார்லீன்?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"பார்த்தியா!" என்று பெவர்லி மேஜையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணாடியைக் கழற்றி புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். டார்லீன் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். இந்த அறையில் அது எப்போதும் இருக்கும். விலைப் பட்டியலைப் பார்த்து அழுகிறவர்கள் நிறைய.

"நீ அதுல அவ்வளவு பெருமைப்பட்ட. மறுநாளே லாரி எடுத்தேன்னு" என்றார் வெஸ்.

"வேற எதைச் சொல்ல? நீ ஒரு வார்த்தை பேசல. ராத்திரி எழுந்து எழுந்து உட்கார்ந்த. எனக்குப் பயமா இருந்துச்சு. அதைத்தான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், முட்டாள் கழுதை." மூக்கைச் சிந்தினாள். "அதைத் தின்னா தூக்கம் வருதா?"

"வருது."

"அப்போ என்ன பேச்சு? நாற்பத்தொண்ணையே போடு, டார்லீன்."

டார்லீன் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டாள். படிவத்தில் இருந்ததை அப்படியே வாசித்தாள். பெயர், பிறந்த தேதி, மெடிகேர் எண். வெஸ் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"தபால்ல வர்ற மருந்து எந்த விலாசத்துக்கு?"

வெஸ் வழக்கம்போல ஆரம்பித்தார். "ஓடை ரோடு, பெட்டி எண்..."

"வீட்டுக்கு" என்றாள் பெவர்லி. கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக்கோ. கவுண்டி ரோடு, ஆயிரத்து நூற்றுப் பதினாலு."

அந்த எண் டார்லீனுக்கு முப்பத்தொரு வருஷமாக மனப்பாடம். இருந்தாலும், பெவர்லி சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து அடித்தாள்.